ஸ்பார்க் வராத பழைய கார்: வடசென்னையில் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவே இல்லை. தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் வீட்டு வாசல்களில் நிற்கும் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் வைத்த மாருதி 800 போன்ற வண்டிகளை வீட்டுப் பெரியவர்களிடமிருந்து பெற்றோ, குறைந்த விலைக்கு வாங்கியோ ஓட்டத் தொடங்குபவர்கள் விரைவிலேயே சந்திக்கும் கோளாறு இது. கார் வேலையில் முன் அனுபவம் இல்லாத ஒருவர், மின்சாரம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதைத் தாமே கண்டுபிடிப்பதற்கான வரிசையை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கோளாறு வந்தவுடன் பலர் முதலில் காயிலை மாற்றுகிறார்கள். பலன் இல்லையென்றால் கண்டன்சர், பிறகு பிளக், பிறகு ஒயர் என்று கை வைத்துக்கொண்டே போகிறார்கள். இப்படி மாற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது. அம்பாசடர் உற்பத்தியும் மாருதி 800 உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டன. பத்மினி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. இன்று கடையில் கிடைக்கும் பாகங்களில் தரமானவையும் உண்டு, டப்பாவிலிருந்து எடுக்கும்போதே பழுதாக இருப்பவையும் உண்டு. நல்ல பழைய பாகத்தைக் கழற்றிவிட்டுப் பழுதான புதிய பாகத்தைப் போட்டுவிட்டால், ஒரு கோளாறு இரண்டாகிவிடும்; அதன் பிறகு அனுபவமுள்ளவர்களுக்கும் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே பழுது என்று சோதனையில் உறுதியான பாகத்தை மட்டுமே மாற்ற வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

அம்பாசடர் வண்டிகளில் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டவை ஏராளம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது என்பதால், இந்தக் கட்டுரை பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டுமே பொருந்தும்.

மின்சாரம் போகும் வழி

சோதனைகளின் பொருள் புரிய வேண்டுமானால் இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். பேட்டரியிலிருந்து 12 வோல்ட் மின்சாரம் இக்னிஷன் சுவிட்ச் வழியாகக் காயிலின் ஒரு முனைக்கு வருகிறது. காயிலுக்குள் தடித்த கம்பியால் சுற்றப்பட்ட முதல் சுற்றைக் கடந்து, மறுமுனை வழியாக, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடர்பான பாயிண்டுக்குப் போய், அங்கிருந்து எர்த்தை, அதாவது வண்டியின் உலோக உடலை, சேர்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது மின்சாரம் ஓடி, காயிலுக்குள் காந்தப்புலம் உருவாகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டிலுள்ள கேமின் புடைப்பு பாயிண்டைத் திறக்கும் நொடியில் அந்த மின்சாரம் அறுபட்டு, காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவே, மெல்லிய கம்பியால் பல்லாயிரம் முறை சுற்றப்பட்ட இரண்டாம் சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தை உண்டாக்குகிறது. அது காயிலின் நடுவிலிருந்து கிளம்பும் தடித்த ஒயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பின் நடுவுக்கு வந்து, அங்குள்ள சிறு கார்பன் குச்சியைத் தொட்டு, சுற்றிக்கொண்டிருக்கும் ரோட்டர் வழியாக, முறை வந்த சிலிண்டரின் ஒயருக்கும் பிளக்குக்கும் போகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும்போது, இந்த வேலை நொடிக்கு 100 முறை நடக்கிறது.

கண்டன்சரின் வேலை பாயிண்ட் திறக்கும் நொடியில் இருக்கிறது. அறுபடும் மின்சாரம் பாயிண்டின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாயாமல் அது உள்வாங்கிக்கொள்வதால்தான் காந்தப்புலம் வேகமாகச் சரிகிறது. கண்டன்சர் உள்ளே அறுந்திருந்தால் ஸ்பார்க் பலவீனமாகும், பாயிண்ட் விரைவில் கருகும். உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் பாயிண்ட் எப்போதும் மூடியிருப்பது போலாகி, ஸ்பார்க்கே வராது.

இந்த அமைப்பை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்: 12 வோல்ட் ஓடும் பக்கம், ஹெச்.டி. எனப்படும் உயரழுத்தப் பக்கம். கோளாறு இவற்றில் எந்தப் பக்கம் என்று முதல் சோதனையிலேயே தெரிந்துவிட்டால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

தொடங்கும் முன்

தேவையான பொருட்கள் குறைவு. ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் (3 அல்லது 5 வாட் பல்பில் இரண்டு ஒயர் இணைத்து நீங்களே செய்துகொள்ளலாம்), ஒரு மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), நல்ல நிலையில் உள்ள ஒரு உதிரி பிளக், பிளக் ஸ்பேனர், கைப்பிடியில் பிளாஸ்டிக் உறையிட்ட ஸ்க்ரூ டிரைவர், உலர்ந்த பருத்தித் துணி, முதலை கிளிப் வைத்த இரண்டு ஒயர்கள். இவற்றோடு சாவியைத் திருப்ப இன்னொருவர் உதவியும் வேண்டும்.

வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஃபேன் பெல்ட்டுக்கு அருகில் குனிய வேண்டியிருப்பதால் வேட்டி, லுங்கி, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, கைக்கடிகாரம் எதுவும் தொங்கக்கூடாது. பெட்ரோல் கசிந்து நாற்றம் அடிக்கும் நிலையில் எந்த ஸ்பார்க் சோதனையும் செய்யக்கூடாது. கசிவை நிறுத்தி, பானட்டைத் திறந்தே வைத்து, வாடை முற்றிலும் போன பிறகே தொடங்க வேண்டும். எல்.பி.ஜி.க்கு மாற்றிய வண்டியானால் சிலிண்டர் வால்வை மூடிவிட வேண்டும். ஹெச்.டி. ஒயரைக் கையால் பிடித்துச் சோதிக்கும் பழக்கத்தைப் பார்த்துப் பழகாதீர்கள். ஓங்கி உதறும் கை சுழலும் ஃபேனுக்குள் போகக்கூடும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த வேலையிலிருந்து விலகியே இருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. எஞ்சின் ஓடாத நிலையில் பாயிண்ட் மூடியிருந்தால், சுமார் 3 ஓம் தடையுள்ள காயில் வழியாக ஏறக்குறைய 4 ஆம்பியர் மின்சாரம் இடைவிடாமல் ஓடும். சோதனையின் நடுவே சாவியை ஆனில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், திரும்பி வரும்போது காயில் கை வைக்க முடியாத அளவு கொதித்திருக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் இடையே சாவியை ஆஃப் செய்யுங்கள்.

ஸ்பார்க் உண்மையிலேயே இல்லையா?

முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் அருகே காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. அதற்கும் கீழே இறங்கினால், செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலும் காயிலுக்குப் போதிய மின்சாரம் எஞ்சாது. அப்போது கோளாறு பேட்டரியிலோ அதன் இணைப்பிலோதான் இருக்கிறது. மேற்கொண்டு எதையும் பிரிக்க வேண்டாம்.

பேட்டரி சரியென்றால், ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி, கையிலுள்ள உதிரி பிளக்கில் மாட்டுங்கள். அந்தப் பிளக்கின் இரும்பு உடல், பெயின்ட் இல்லாத எஞ்சின் உலோகத்தை அழுத்தமாகத் தொடும்படி முதலை கிளிப் ஒயரால் இணைத்து, கார்புரேட்டருக்குத் தள்ளி வையுங்கள். கையை எடுத்துவிட்டு, உதவிக்கு இருப்பவரிடம் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில், ‘டிக் டிக்’ என்று கேட்கும் ஓசையுடன் பொறி வந்தால் ஸ்பார்க் இருக்கிறது. மஞ்சளாக, சோர்ந்து, விட்டுவிட்டு வந்தால் அதை இல்லாததாகவே கொள்ளுங்கள். திறந்தவெளியில் தட்டுத் தடுமாறி வரும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தத்தில் வராது. பகல் வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாமல் போவதுண்டு என்பதால் நிழலில் பாருங்கள்.

எஞ்சினில் இருந்த பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, எரியவில்லை என்று பொருள். காய்ந்திருந்தால், ஸ்பார்க் நன்றாக இருக்கும்பட்சத்தில், தேட வேண்டிய இடம் பெட்ரோல் பம்பும் கார்புரேட்டரும்.

இப்போது பிரிக்கும் சோதனை. காயிலிலிருந்து வரும் நடு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பிலிருந்து உருவி, அதன் நுனி எஞ்சின் உலோகத்திலிருந்து 6 மி.மீ. தள்ளி நிற்குமாறு, துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்பால் எதிலாவது பிடித்து வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது அந்த இடைவெளியில் நல்ல நீலப் பொறி பாய்ந்தால், பேட்டரி முதல் காயில் வரை எல்லாம் சரி. கோளாறு ரோட்டர், கேப், பிளக் ஒயர், பிளக் ஆகியவற்றில்தான். பொறி இல்லையென்றால் கோளாறு 12 வோல்ட் பக்கத்திலோ, காயிலிலோ, அந்த நடு ஒயரிலோ இருக்கிறது. பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் இப்படித் திறந்த ஒயரில் பார்க்காமல், எர்த் செய்த உதிரி பிளக் மூலமாகவே பாருங்கள். மின்சாரம் போக வழியில்லாமல் திரும்பினால் அதிலுள்ள மாட்யூல் பழுதாகலாம்.

12 வோல்ட் பக்கம்: டெஸ்ட் லேம்ப் சொல்வதைக் கேளுங்கள்

காயிலின் இரு சிறு முனைகளில் + அல்லது - என்று இருக்கும். பழைய லூகாஸ் காயில்களில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். முன்னது சுவிட்சிலிருந்து வரும் ஒயருக்கானது, பின்னது பாயிண்டுக்குப் போகும் ஒயருக்கானது. மிகப் பழைய சில வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே பாடியில் எர்த் ஆகியிருக்கும் என்பதால், + குறியை மட்டும் நம்பாமல், எந்த ஒயர் எங்கிருந்து வருகிறது என்று தொடர்ந்து பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

டெஸ்ட் லேம்பின் ஒரு நுனியை நல்ல எர்த்தில் பிடித்து, மறுநுனியைச் சுவிட்ச் பக்க முனையில் வையுங்கள். சாவி ஆனில் இருக்கும்போது எரிய வேண்டும். செல்ஃப் சுற்றும்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டாவதைப் பலர் பார்ப்பதில்லை. தேய்ந்த இக்னிஷன் சுவிட்சுகளில் சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது மட்டும் இந்தத் தொடர்பு விட்டுப்போகும். சாவியை விட்டவுடன் ஒரு கணம் எஞ்சின் பிடிப்பது போலத் தோன்றி அடங்கினால் இதைச் சந்தேகியுங்கள்.

விளக்கு எரியவே இல்லையென்றால் சுவிட்ச், அதன் ஒயர், இணைப்பு முனைகள் ஆகியவற்றைப் பாருங்கள். அதோடு, திருட்டுக்குப் பயந்து முந்தைய உரிமையாளர் டேஷ்போர்டுக்குக் கீழோ சீட்டுக்கு அடியிலோ வைத்த மறைவுச் சுவிட்ச் ஏதேனும் உண்டா என்று தேடுங்கள். பல கை மாறிய வண்டிகளில் இது மிகச் சாதாரணம்; யாரோ கால் பட்டு ஆஃப் ஆன சுவிட்சுக்காகக் காயில் வாங்கியவர்கள் உண்டு. உறுதி செய்ய, பேட்டரியிலிருந்து காயிலின் இந்த முனைக்கு நேராக ஓர் ஒயரைச் சிறிது நேரம் கொடுத்துப் பாருங்கள். எஞ்சின் பிடித்தால் கோளாறு சுவிட்சுக்கும் காயிலுக்கும் இடையில்தான். இந்த நிலையில் சாவியால் எஞ்சின் நிற்காது, அந்த ஒயரைக் கழற்றித்தான் நிறுத்த வேண்டும்.

அடுத்து, டெஸ்ட் லேம்பைப் பாயிண்டுப் பக்க முனைக்கு மாற்றி, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். என் மதிப்பில் இந்தக் கட்டுரையிலேயே மிகவும் பயனுள்ள சோதனை இதுதான், ஏனென்றால் ஒரு சிறு பல்பு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நடப்பதைக் கேப்பைத் திறக்காமலே காட்டிவிடுகிறது. பாயிண்ட் திறக்கும்போது எரிந்து, மூடும்போது அணைந்து, விளக்கு மினுக்க வேண்டும். மினுக்கினால் பாயிண்ட் தன் வேலையைச் செய்கிறது. மீதமிருக்கும் சந்தேகம் காயிலின் இரண்டாம் சுற்று, நடு ஒயர், உள்ளே அறுந்த கண்டன்சர் ஆகிய மூன்றின் மீதுதான்.

மினுக்காமல் தொடர்ந்து எரிந்தால், மின்சாரம் காயிலைக் கடந்து வருகிறது, ஆனால் எர்த்துக்குப் போகவில்லை. பாயிண்ட் மூடவில்லை, அல்லது அதன் முகம் எண்ணெய்ப் பிசுக்காலோ கருகலாலோ மறைந்திருக்கிறது, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் சிறு ஒயர் அறுந்திருக்கிறது.

விளக்கு எரியவே இல்லையென்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். காயிலின் முதல் சுற்று அறுந்திருக்கலாம். அல்லது பாயிண்ட் திறக்காமலோ, கண்டன்சர் ஷார்ட் ஆகியோ, மின்சாரம் எப்போதும் எர்த்துக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய, காயிலின் அந்த முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு, வெறும் முனையில் விளக்கை வைத்துப் பாருங்கள். எரிந்தால் காயில் முழுதாக இருக்கிறது, ஷார்ட் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது. எரியாவிட்டால் காயில் போய்விட்டது. ஷார்ட் என்று தெரிந்தால், கழற்றிய ஒயரை மறுபடி மாட்டி, கண்டன்சரின் ஒயரை மட்டும் விடுவித்து மறுபடி பாருங்கள். விளக்கு மினுக்கத் தொடங்கினால் குற்றவாளி கண்டன்சர்.

காயிலை மல்டிமீட்டரால் அளப்பதானால், ஒயர்களைக் கழற்றிய பின், இரு சிறு முனைகளுக்கு இடையே சாதாரணக் காயிலில் சுமார் 3 ஓமும், பேலஸ்ட் ரெசிஸ்டர் என்ற தனித் தடையுடன் வரும் காயிலில் சுமார் 1.5 ஓமும் காட்டும். சிறு முனைக்கும் நடுத் துளைக்கும் இடையே சில ஆயிரம் ஓம் இருக்க வேண்டும். சூடேறினால் மட்டும் அறுந்துபோகும் காயில்களும் உண்டு: ராயபுரத்திலிருந்து கிளம்பி எண்ணூர் போகும் வழியில் நின்று, அரைமணி நேரம் ஓரமாக நிறுத்தினால் மறுபடி ஓடும் வண்டியில், காயிலைச் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும்.

பாயிண்ட்

இந்தக் கோளாறுகளில் பெரும்பங்கு டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்குக் கீழே, கையகல இடத்தில் முடிந்துவிடுகிறது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கேப்பைத் திறப்பதற்கு முன், எந்த ஒயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, ஒயர்களில் 1, 2, 3, 4 என்று காகித ஒட்டுப்பட்டியில் எழுதி ஒட்டுங்கள்.

கேப்பைத் திறந்தவுடன் செல்ஃப் அடித்து ரோட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லையென்றால் இது மின்கோளாறே அல்ல. மாருதி 800-இல் டிஸ்ட்ரிபியூட்டர் கேம்ஷாஃப்டால் ஓடுகிறது, கேம்ஷாஃப்ட் டைமிங் பெல்ட்டால் ஓடுகிறது. ஆகவே ரோட்டர் நின்றிருந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். செல்ஃப் அடிப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

ரோட்டரை உருவியபின், சாவியை ஆன் செய்து, மூடியிருக்கும் பாயிண்டை உறையிட்ட ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சிறு பொறி தெரிய வேண்டும். அதே நேரத்தில் நடு ஒயரின் நுனியில் பெரிய பொறி பாய வேண்டும். பாயிண்டில் கொழுத்த பொறி பறந்து நடு ஒயரில் ஒன்றும் வராவிட்டால் கண்டன்சரைச் சந்தேகியுங்கள். பாயிண்டில் பொறியே இல்லையென்றால் அதன் முகங்களைக் கவனியுங்கள். கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால் புதியதுதான் தீர்வு. மங்கலாக மட்டும் இருந்தால் மெல்லிய அரத்தால் லேசாகத் தேய்க்கலாம். உப்புத்தாளால் தேய்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் மணல் துகள் முகத்தில் பதிந்து, மறுபடி தொடர்பைக் கெடுக்கும். தேய்த்த பிறகு, வழவழப்புப் பூச்சு இல்லாத கெட்டியான அட்டைத் துண்டை, பழைய பத்திரிகை உறை போன்றதை, ஸ்பிரிட்டில் நனைத்து இரு முகங்களுக்கும் இடையே இழுத்துத் துடையுங்கள். புதிய பாயிண்டிலும் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய பூச்சு இருக்கும். அதையும் இப்படித் துடைக்காமல் மாட்டினால், புதிய பாயிண்ட் போட்ட பிறகும் வண்டி ஓடாது.

இடைவெளி வைக்க, பாயிண்டின் குதிகால் கேம் புடைப்பின் உச்சியில் நிற்கும்வரை எஞ்சினைத் திருப்ப வேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் எஞ்சின் எளிதாகத் திரும்பும்; சாவி ஆஃபில் இருக்க வேண்டும். பூட்டுத் திருகைத் தளர்த்தி, ஃபீலர் கேஜின் தகடு லேசான உரசலுடன் போய்வருமாறு வைத்து, இறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள், ஏனெனில் இறுக்கும்போது இடைவெளி மாறும். அம்பாசடரில் வரும் லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. வரை, மற்ற வண்டிகளுக்கு அதனதன் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். இடைவெளி கூடினால் டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம், முன்னே போகும், குறைந்தால் பின்னே வரும். கேமில் அரிசியளவு கிரீஸ் போதும். அதிகமானால் தெறித்துப் பாயிண்டில் ஒட்டிக் கருகும்.

புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பவை இரண்டு சிறு விஷயங்கள். முதலாவது, பாயிண்டின் ஸ்பிரிங், கண்டன்சர் ஒயர், காயில் ஒயர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும், ஆனால் அவை நிற்கும் தூணையும் அடித்தட்டையும் தொடக்கூடாது. அதற்காகவே இன்சுலேஷன் வாஷரும் புஷ்ஷும் இருக்கின்றன. பழையதைக் கழற்றும்போது அவற்றின் வரிசையைப் படம் எடுக்காமல் விட்டு, மாற்றிப் போட்டால், பாயிண்ட் நிரந்தரமாக எர்த் ஆகிவிடும். ‘புதுப் பாயிண்ட் போட்டேன், அதிலிருந்து ஸ்பார்க்கே இல்லை’ என்று யாராவது சொன்னால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டாவது, டிஸ்ட்ரிபியூட்டர் உடலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் வளையும் ஒயர். அடித்தட்டு அசையும்போதெல்லாம் வளைந்து வளைந்து, மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு அறுந்துபோகும். மல்டிமீட்டரை இரு நுனிகளிலும் வைத்து ஒயரை வளைத்துப் பார்த்தால் தொடர்பு வந்து வந்து போவது தெரியும். அடித்தட்டை உடலுடன் இணைக்கும் சிறு எர்த் ஒயரையும் இதேபோல் சோதியுங்கள்.

ஹெச்.டி. பக்கம்

நடு ஒயரில் பொறி நன்றாக வந்து பிளக்கில் வராதபோது, முதலில் ரோட்டர். விரிசல் கண்ணுக்குத் தெரியாமலே அது தண்டுக்குள் மின்சாரத்தைக் கசியவிடும். நடுவில் ரிவெட் அடித்த மலிவான ரகங்களில் இது அடிக்கடி நேர்கிறது. ரோட்டரை அதன் இடத்தில் பொருத்தி, கேப்பை ஒதுக்கிவைத்து, நடு ஒயரின் நுனியை ரோட்டரின் உலோகத் தகட்டுக்கு 3 மி.மீ. மேலே நிறுத்திச் செல்ஃப் அடியுங்கள். ரோட்டருக்குள் பொறி பாய்ந்தால் அது கசிகிறது, மாற்றியாக வேண்டும். பாயாவிட்டால் ரோட்டர் நல்லது.

கேப்பின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பித்தளை முனைகளுக்கு இடையே பென்சிலால் இழுத்தது போன்ற மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால், மின்சாரம் அந்த வழியே ஓடிப் பழகிவிட்டது. சுரண்டி எடுத்தாலும் திரும்ப வரும். நடுவிலுள்ள கார்பன் குச்சி ஸ்பிரிங்கில் உள்ளே வெளியே வர வேண்டும். தேய்ந்தோ விழுந்தோ போயிருந்தால் ரோட்டருக்கு மின்சாரம் தாண்ட வேண்டியிருக்கும். ஒயர்களை மல்டிமீட்டரில் அளந்து, மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகி நிற்பதை மாற்றுங்கள். பழைய பாயிண்ட் வண்டிகளில் பிளக் இடைவெளி பொதுவாக 0.6 மி.மீ. அளவில் இருக்கும்.

கடல் காற்றும் மழைத் தண்ணீரும்

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு, உள்ளே எதையும் பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. காற்றில் வரும் உப்பு, கேப், காயில் மூக்கு, ஒயர் ஆகியவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். இதன் மேல் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி ஒட்டிக்கொள்கிறது. மார்கழிப் பனியில் காலையில் பிடிக்காத வண்டி, வெயில் ஏறியபின் ஒன்றுமே நடக்காதது போல் பிடிப்பது இதனால்தான். கேப்பின் உள்ளும் புறமும், காயிலின் மேற்பகுதி, ஒயர்கள் ஆகியவற்றை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பிறகு சோதனையைத் தொடங்குங்கள். கசிவு இருக்கிறதா என்று அறிய இன்னொரு வழி, எஞ்சின் ஓடும் வண்டியில் இரவு விளக்குகளை அணைத்துவிட்டு, கை வைக்காமல் பானட்டுக்குள் பார்ப்பது. கசியும் இடத்தில் நீலக் கீற்றுகள் துள்ளும்.

உப்புக் காற்றின் இன்னொரு இலக்கு எர்த் இணைப்பு. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை, பாடியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பட்டை ஆகிய இரண்டையும் கழற்றி, பச்சைக் களிம்பைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகம் தெரியச் சுத்தம் செய்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், அந்தப் பட்டை கெட்டுவிட்டால் மின்சாரம் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியே திரும்ப முயலும். கேபிள் சுடுவது அதன் அடையாளம். அளந்து பார்க்க, சாவி ஆனில், பாயிண்ட் மூடிய நிலையில், பேட்டரியின் எர்த் முனைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் இடையே வோல்ட் பாருங்கள், 0.2-க்கு மேல் காட்டினால் எர்த் போதாது.

வடகிழக்குப் பருவமழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தேங்கிய தண்ணீரைக் கடந்து நின்றுபோன வண்டியில், உடனே செல்ஃப் அடிக்கக்கூடாது. தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பார்த்து, நனைந்திருந்தால் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிய பிறகே எஞ்சினைச் சுற்றவிட்டுத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் காய்ந்திருந்தால் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மட்டுமே நனைந்திருக்கும். கேப்பைக் கழற்றித் துடைத்து, ஹேர் டிரையரால் உலர்த்தினால் போதும்.

பாயிண்ட் இல்லாத மாருதி 800

பிந்திய கார்புரேட்டர் 800-களில் பாயிண்டுக்குப் பதில், தண்டின் சுழற்சியை உணரும் பிக்கப் காயிலும், அதைக் கொண்டு காயிலின் மின்சாரத்தை அறுக்கும் இக்னைட்டரும் இருக்கும். காயிலுக்கு 12 வோல்ட் வருகிறதா, ரோட்டர் சுற்றுகிறதா, இணைப்பான்களில் களிம்பு இருக்கிறதா, எர்த் நல்லதா என்பவற்றை மேலே சொன்னபடி பார்க்கலாம். இவை எல்லாம் சரியென்றால் எஞ்சியிருப்பது பிக்கப், இக்னைட்டர் இரண்டும்தான். அவற்றை வேறொரு நல்ல வண்டியின் பாகத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே நடைமுறை வழி. மாற்றிப் பார்ப்பதை நான் ஏற்கும் ஒரே இடம் இது.

ஸ்பார்க் வந்த பிறகும் பிடிக்காவிட்டால்

நனைந்த பிளக்குகளைக் காயவைத்து மாட்டுங்கள். ஒயர் வரிசையைச் சரிபாருங்கள்: அம்பாசடரிலும் பத்மினியிலும் எரியும் வரிசை 1-3-4-2, மூன்று சிலிண்டர் மாருதி 800-இல் 1-3-2. கேப்பில் எண்ணும்போது ரோட்டர் சுற்றும் திசையிலேயே எண்ண வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்து உடல் திரும்பியிருந்தால் டைமிங் போயிருக்கும். பாயிண்ட் இடைவெளியை மாற்றியவர்களும் டைமிங்கை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பாகம் வாங்க ஜி.பி. ரோட்டுக்கோ, பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டைக்கோ போகும்போது கழற்றிய பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ரோட்டரும் கேப்பும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்து உயரத்தில் மாறுபடும் என்பதால், கடையிலேயே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல நிலையிலுள்ள பழைய பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர் ஆகியவற்றைத் தூக்கியெறியாமல் உலர்ந்த டப்பாவில் டிக்கியில் வையுங்கள். ஓடிக் காட்டிய பாகம் என்பதால் வழியில் அவற்றை நம்பலாம்.

இத்தனைக்குப் பிறகும் தீராவிட்டால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போவதே சரி. அவரிடம் ‘கரண்ட் வரல’ என்று மட்டும் சொல்லாமல், காயிலின் சுவிட்ச் பக்க முனையில் விளக்கு எரிந்ததா, மறுமுனையில் மினுக்கியதா, நடு ஒயரில் பொறி இருந்ததா என்ற மூன்று விடைகளையும், எந்தெந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகங்களையும் அவரிடம் காட்டுங்கள்.